பஞ்சாங்கம் பார்த்துச் சரக்கு எடுப்போம்

நாள்காட்டித் தாளைக் கிழித்து, இராகு காலம் பார்த்த பிறகே நம்மில் பலர் கல்லாவில் கை வைக்கிறோம். அதே தாளில் உள்ள திதியைச் சரியாகப் படிக்கிறோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். நட்டம் வருவது அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடையில் நடந்தது இது. பஞ்சாங்கத்தில் ‘திரயோதசி 22.30’ என்றிருந்தது. இரவு பத்தரை வரை திரயோதசி, ஆகவே இன்று மாலை பிரதோஷம் என்று கணக்குப் போட்டு வாழைத்தாரும் தேங்காயும் பூவும் கூடுதலாக இறக்கினோம். மாலையில் ஆள் வரவில்லை. பிரதோஷம் முதல் நாளே முடிந்திருந்தது! அன்று வந்து கேட்டவர்களுக்குக் கொடுக்கப் பழமில்லை. மறுநாள் பழம் இருந்தது, கேட்பாரில்லை. தேங்காய் தப்பியது; பூ குப்பைக்குப் போயிற்று.

22.30 என்பது மணியன்று, நாழிகை. 22 நாழிகை, 30 விநாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். நாழிகையை இரண்டரையால் வகுத்தால் மணி வந்துவிடும். இருபத்திரண்டரையை வகுத்தால் 9 மணி நேரம். உதயம் காலை 6 மணி என்றால், பிற்பகல் 3 மணிக்கே திரயோதசி முடிந்து போயிற்று. சில நாள்காட்டிகள் மணிக்கணக்கிலேயே அச்சிடுகின்றன. எந்தக் கணக்கு என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, எந்த நேரத்துத் திதி கணக்கு என்பது. பிரதோஷத்திற்கு அஸ்தமன வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரோதய வேளை. அமாவாசைத் தர்ப்பணத்திற்குப் பிற்பகல். காலை 8 மணிக்கே அமாவாசை முடிகிறது என்றால், எள்ளும் வாழைக்காயும் பச்சரிசியும் பெரும்பாலும் முதல் நாளே விற்றுப்போகும். வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதத்திற்கும் சில மணி நேரம் வேறுபடுவதுண்டு. நம் பேட்டைக் கோயிலில் எதைப் பின்பற்றுகிறார்கள் என்று குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

இராகு காலமும் நாம் நினைப்பதுபோல் கடிகாரத்தில் கட்டிவைத்ததன்று. உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்தால், திங்களன்று இரண்டாம் பங்கு இராகு காலம். ஆறுக்கு ஆறு என்று வைத்துத்தான் ஏழரை முதல் ஒன்பது என்கிறோம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சென்னையில் உதயமே ஏறத்தாழ 6.25. அப்போது இராகு காலம் சுமார் 7.50 முதல் 9.15 வரை. ஒன்பது தாண்டிவிட்டது என்று 9.05-க்குப் புதுக்கடை திறப்பவர் இராகு காலத்திலேயே திறக்கிறார்!

புதுக்கணக்கு, புதுக்கடை என்றால் நேரம் பார்ப்போம். அன்றாடச் சரக்கு வேறு. லாரி இராகு காலத்தில் வந்து நின்றால் இறக்கித்தான் ஆக வேண்டும். காக்க வைத்தால் வாடகை ஏறும். குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால் அந்த நேரத்தில் சரக்கு வாங்குவார்கள், கடன் வாங்க மாட்டார்கள். கடன் கேட்டு வரும் வாடிக்கையாளருக்கும் இது தெரிந்திருந்தால் நமக்கு நிம்மதி!

இப்போது நாம் மாதம் பிறக்கும் முன்பே பிரதோஷம் இரண்டு, அமாவாசை, சதுர்த்தி ஆகிய நாட்களை மணிக்கு மாற்றிக் கல்லாவின் மேல் எழுதி ஒட்டுகிறோம். மண்டிக்கும் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறோம்.