பழசு தெரிந்த கைகள்

நவீன ஓவியம், புதுக்கவிதை, மாற்றுக் கட்டடம், நவீன நாடகம். இந்த நான்கைப் பற்றியும் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: "ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்கள் இப்படிக் கிளம்பிவிட்டார்கள்." இருபது வயதில் நானும் அதை நம்பினேன். பார்க்கப் பார்க்க, படிக்கப் படிக்க, நிலைமை நேர்மாறானது என்று தெரிந்தது. புதிதாக ஒன்றைச் செய்தவர்கள் பழையதைக் கரைத்துக் குடித்தவர்கள்.

நம்பிக்கை 1: வரையத் தெரியாதவர்கள்தான் நவீன ஓவியம் வரைகிறார்கள்.

உண்மை: கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். 1957-இல் அதே கல்லூரிக்கு முதல்வரானவர். முதலில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை நீர்வண்ண நிலக்காட்சிகள். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை 1963-இல் தொடங்கியபோது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அந்த வரிசைப் படம் ஒன்றின் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். எட்ட நின்றால் பழைய ஜாதக நோட்டு போல இருக்கிறது. கிட்டே போய் வாசிக்கப் பார்த்தால் எழுத்து வழுக்கிக்கொண்டு போகிறது. எந்தச் சொல்லும் சேரவில்லை, ஆனால் கோடு எங்கேயும் தடுமாறவில்லை. பல வருடங்கள் தூரிகை பிடித்த கைக்குத்தான் அந்த நிதானம் வரும்.

நவீன ஓவியம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பதும் சரியல்ல. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில் நிலம் வாங்கித்தான் 1966-இல் ஓவியர்கள் சோழமண்டலத்தை உருவாக்கினார்கள்.

நம்பிக்கை 2: உரைநடையை மடக்கி எழுதினால் புதுக்கவிதை, யாப்பு வராதவர்களின் குறுக்குவழி.

உண்மை: வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என நான்கு வகைப் பாக்களும் மாறி மாறி வர 'விநாயகர் நான்மணிமாலை' பாடிய பாரதிதான் 'காட்சி' என்ற தலைப்பில் வசன கவிதையும் எழுதினார். யாப்பு வராமலா எழுதினார்? அந்த வழியில் ந. பிச்சமூர்த்தி நடந்தார். 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் அதற்கு வீடு கொடுத்தது. தான் வெளியிட்ட நூல்களைக் கல்லூரி கல்லூரியாகச் சுமந்து விற்ற மனிதர் செல்லப்பா. குறுக்குவழி தேடுகிறவர் செய்கிற காரியமா அது?

வரியை மடக்குவது என்ன செய்கிறது என்று நீங்களே எழுதிப் பார்க்கலாம். "கதவைத் திறந்தேன் யாரும் இல்லை" என்பது தகவல். "கதவைத் திறந்தேன்" என்று நிறுத்தி, ஒரு வரி வெற்றாக விட்டு, "யாரும் இல்லை" என்று எழுதுங்கள். அந்த வெற்று வரியில்தான் வாசல் இருக்கிறது. அசையும் சீரும் பார்த்துக்கொண்ட வேலையை இங்கே மௌனம் பார்க்கிறது. எங்கே நிறுத்துவது என்பதற்கு வாய்பாடு கிடையாது. காதுதான் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை 3: பூசாத செங்கல் சுவர் ஏழையின் அரைகுறை வேலை, கான்கிரீட்தான் நவீனம்.

உண்மை: லாரி பேக்கர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் முறையாகக் கட்டடக்கலை படித்தவர். 1945-இல் இந்தியா வந்து, இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தபோது, அங்கிருந்த சாதாரண மக்கள் கல்லையும் மண்ணையும் கையாளும் விதத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். பிறகு கேரளத்தில் அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். நடுவில் பொந்து விழும். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரைவிடச் சுமார் கால் பங்கு செங்கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். பூச்சு இல்லாததால் கொத்தனார் எதையும் மறைக்க முடியாது. ஒவ்வொரு இணைப்பும் வெளியே தெரியும். அரைகுறை வேலைக்கு இடமே தராத சுவர் அது. திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போய்ப் பாருங்கள்: செங்கல் சல்லடைச் சுவர் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும்.

நம்பிக்கை 4: நவீன நாடகம் மேற்கத்தியச் சரக்கு, கூத்து காலாவதியானது.

உண்மை: ந. முத்துசாமி சிறுகதையிலிருந்து நாடகத்துக்கு வந்தவர். புரிசை கிராமத்தின் தெருக்கூத்து அவரைப் புரட்டிப் போட்டது. 1977-இல் அவர் முயற்சியில் உருவான கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் நடிகர்களுக்குக் கூத்தின் அடவும் பாட்டும் பயிற்சியானது. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானே வந்து கற்றுக்கொடுத்தார். மறுபக்கம், புரிசைக் குழு லத்தீன் அமெரிக்க எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் சிறுகதையையே கூத்தாக ஆடியது. கூத்தில் பார்வையாளரோடு நேரே பேசுகிற கட்டியங்காரன் நமக்கு எப்போதோ இருந்தவன். யாரிடமும் கடன் வாங்கியவன் அல்ல.

நம்பிக்கை 5: புரிந்தால்தான் ரசிக்க முடியும்.

உண்மை: இதற்குக் கூத்துக்களமே பதில் வைத்திருக்கிறது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பின்னாலிருந்து பாட்டு கிளம்பும். மேலே கிரீடத்தின் முனை ஆடும், கீழே சலங்கைக் கால் தெரியும். முகம் தெரியாது. முகவீணையும் மத்தளமும் ஏற ஏற, கைக்குழந்தையோடு வந்தவள்கூட நிமிர்ந்து உட்காருவாள். முகம் தெரியவில்லையே என்று யாரும் எழுந்து போவதில்லை. முதல் வாசிப்பில் பிடிபடாத கவிதையிடமும், முதல் பார்வையில் திறக்காத ஓவியத்திடமும் எனக்கு அந்தக் கூட்டத்தின் பொறுமைதான் வேண்டும். திரை விலகும்வரை உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் உள்ளே ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார்.