பசியை ஆளும் அரசும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணும்

“பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் படத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” ‘ஹங்கர் கேம்ஸ்’ என்று பேச்செடுத்தாலே உம்மாமார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். வில்லேந்திய பெண்ணின் சுவரொட்டியை மட்டும் பார்த்தவர்களுக்கு வேறெதுவும் தோன்றாது. ஆனால் என் வயதுப் பெண்கள் இத்தகைய படங்களை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கான விடை வில்லில் இல்லை, சாப்பாட்டில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

தோமஸ் மோர் 1516இல் ‘யுட்டோப்பியா’ என்ற நூலில் ஒரு கற்பனைத் தீவைப் படைத்தார். குறைகளற்ற உலகைக் குறிக்க அப்பெயரே பின்னர் வழக்காகியது. அதற்கு எதிரான, கொடுமை நிறைந்த கற்பனை உலகே ‘டிஸ்டோபியா’. சூசன் கொலின்ஸ் 2008இல் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலும், அதைத் தழுவி 2012இல் கெரி ரொஸ் இயக்கிய படமும் இவ்வகையின. அழிந்துபோன வட அமெரிக்காவின் மீது எழுந்த அந்நாட்டின் பெயர் பனெம். லத்தீன் மொழியில் இச்சொல் ரொட்டியைக் குறிக்கும். ரொட்டியும் வேடிக்கையும் கிடைத்தால் போதுமென்று மக்கள் அரசியலை மறந்துவிட்டார்கள் எனக் கேலி செய்தார் ரோமக் கவிஞர் ஜுவெனால். நாட்டின் பெயர் அங்கிருந்து வந்தது.

பனெமில் 12 மாவட்டங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சீட்டுக் குலுக்கித் தெரிவாகின்றனர். இந்த 24 பேரில் ஒருவர் மிஞ்சும்வரை சண்டை. அதை நாடே தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். இதில் என்னை மிகவும் உலுக்கியது சண்டையல்ல, சீட்டு. வறிய வீட்டுப் பிள்ளை தன் பெயரைக் கூடுதலாக ஒருமுறை எழுதிப் போட்டால் ஓராண்டுக்குச் சிறிதளவு தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அடுத்த ஆண்டு அந்தச் சீட்டுகள் அழிவதில்லை, மேலும் சேரும். கதாநாயகி கட்னிஸின் நண்பன் கேலின் பெயர் 42 தடவை அந்தப் பாத்திரத்துக்குள் கிடக்கிறது. பசித்தவனுக்கே சாவு அருகில் வரும்படி கணக்குப் பார்த்து அமைத்த சட்டம் இது. வாளால் மிரட்டும் அரசனைவிட, அரிசியால் மிரட்டும் அரசு பயங்கரமானது.

இந்த இடத்தில் வைத்துத்தான் கட்னிஸைப் பார்க்க வேண்டும். தந்தை நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் இறந்தவர். தாய் துயரத்தில் உறைந்து போனவர். அப்போதிருந்து வீட்டுக்குச் சாப்பாடு தேடுவது மூத்த மகளின் வேலை. வில்வித்தை அவளுக்கு வீர விளையாட்டல்ல, வேலியைத் தாண்டிப் போய்க் கறிக்கு வழி பார்ப்பது. குலுக்கலில் 12 வயதுத் தங்கை ப்ரிம்மின் பெயர் வந்ததும் தானே போவதாக முன்வருகிறாளே, அதுகூட அவள் அதுவரை நாளாந்தம் செய்துவந்த காரியத்தின் தொடர்ச்சிதான். கூட்டம் கைதட்ட மறுத்து மூன்று விரல்களை உயர்த்துகிறது. 2014இல் தாய்லாந்திலும் 2021இல் மியன்மாரிலும் இராணுவ ஆட்சியை எதிர்த்த இளைஞர்கள் இதே மூன்று விரல்களை வீதியில் உயர்த்தினார்கள்.

(‘டைவர்ஜன்ட்’ படத்தின் ட்ரிஸும் துணிச்சல்காரிதான். ஓடும் ரயிலில் பாய்ந்து ஏறுகிறாள், குதிக்கிறாள். ஆனால் அவள் வீட்டில் இரவுச் சாப்பாடு என்னவென்று யோசிக்க அந்தப் படம் இடம் தருவதில்லை. அதனால் எனக்கு அவள் நெருக்கமாகவில்லை.)

இன்னொன்றும் இருக்கிறது. களத்தில் உயிர் பிழைக்க அம்பு மட்டும் போதாது, பார்ப்பவர்களுக்குப் பிடிக்கவும் வேண்டும். அப்போதுதான் அனுசரணையாளர்கள் மருந்தும் உணவும் அனுப்புவார்கள். ஆகவே அவளுக்கு அலங்காரம் செய்கிறார்கள், சிரிக்கப் பழக்குகிறார்கள். பீட்டாவுடன் காதல் என்று ஒரு கதையும் கட்டப்படுகிறது. எப்போதும் யாரோ தன்னைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் என்ற உணர்வு கைத்தொலைபேசிக் காலத்துப் பெண்பிள்ளைகளுக்குப் புதிதல்ல. இதனால்தான், கொல்லப்பட்ட சிறுமி ரூவின் உடலைக் கட்னிஸ் பூக்களால் மூடும் காட்சி மனதை விட்டு அகலாதது. நிகழ்ச்சி நடத்துபவர்கள் வேண்டியது ஒரு சாவு. அவள் காட்டியது ஒரு ஜனாஸாவுக்குரிய மரியாதை.

படத்தில் எனக்குக் குறையும் உண்டு. நாவலில் பசி பக்கத்துக்குப் பக்கம் வயிற்றைப் பிசைகிறது, திரையில் அது விரைவாகக் கடந்துவிடுகிறது. அத்தோடு, பிள்ளைகளின் சண்டையை வேடிக்கை பார்ப்பவர்களைக் கண்டிக்கும் படம், அதே சண்டையைக் காட்டித்தான் நுழைவுச்சீட்டு விற்கிறது. உம்மாமாரின் கேள்வி முழுவதும் பிழையல்ல என்று நான் சொன்னது இதனால்தான்.

2015இல் வந்த இறுதிப் பாகத்தை அவர்களும் பார்க்க வேண்டுமென விரும்புகிறேன். எந்தத் தங்கைக்காகப் போனாளோ அந்த ப்ரிம் போரின் முடிவில் குண்டுவெடிப்பில் இறக்கிறாள். வென்ற கிளர்ச்சியாளர்களின் தலைவி கொய்ன், தலைநகரத்தாரின் பிள்ளைகளை வைத்து இன்னொரு ஹங்கர் கேம்ஸ் நடத்தலாம் என்கிறாள். வாக்கெடுப்பில் கட்னிஸ் ஆம் என்கிறாள். பிறகு, பழைய கொடுங்கோலனைக் கொல்லவென்று கையில் தரப்பட்ட அம்பை அவள் எய்வது கொய்ன் மீது. அந்த “ஆம்” ஒரு நடிப்பா, அல்லது ஒரு கணமேனும் அவள் அதை உண்மையாகவே விரும்பினாளா? எமது வகுப்பில் இன்றுவரை இரு கட்சி.