வாங்கட்டோ, பொறுக்கட்டோ?



ஸ்காபரோவில இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். செப்டெம்பரில யூனிவேர்சிற்றி தொடங்குது. பகுதிநேர வேலை செய்து 1,200 டொலர் சேர்த்து வைச்சிருக்கிறார். "அண்ணா, அடுத்த தலைமுறை புரொசெசர் வரப்போகுதாம். இப்பவே லப்டொப் வாங்கட்டோ, பொறுக்கட்டோ?"

எபிசோட்டில ரெண்டு நிமிசத்தில பதில் சொல்லிட்டுப் போயிட்டம். அது காணாது. அதால இந்தக் கடிதம் முழுக்க அவருக்கும், அவரைப் போல யோசிச்சுக்கொண்டு இருக்கிற உங்களுக்கும்.

திருவண்ணாமலையில வளர்ந்தவர்

'பொறுத்துப் பார்ப்பம்' எண்ட நோய்க்கு ஒரு பேர் இருக்கு: ஒஸ்போர்ன் விளைவு. அடம் ஒஸ்போர்ன் பாங்கொக்கில பிறந்தவர். ஆனால் சின்ன வயசில வளர்ந்தது திருவண்ணாமலையில, ரமணர் ஆச்சிரமத்துக்குப் பக்கத்தில. அவர் 1981இல் ஒஸ்போர்ன் 1 எண்ட கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட 11 கிலோ பாரம், 5 அங்குலத் திரை, விலை 1,795 அமெரிக்க டொலர். கையில தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினி எண்டு நல்லா விற்பனையானது.

பிறகு, இதைவிட நல்ல மொடல் வருகுது எண்ட கதை முன்கூட்டியே வெளியில போயிட்டுது. சனம் பழசை வாங்காமல் காத்திருக்கத் தொடங்கிச்சுது. 1983 செப்டெம்பரில நிறுவனம் வங்குரோத்து. பெரிய திரையோட வந்த போட்டிக் கணினிகளும் நிர்வாகப் பிழைகளும் காரணம் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். அது நியாயமான வாதம்தான். ஆனால் பேர் ஒஸ்போர்னோட ஒட்டிக்கொண்டுது. அவர் 2003இல் கொடைக்கானலில காலமானார்.

அந்தக் கதையில நட்டப்பட்டது கொம்பனி. இண்டைக்குக் காத்திருக்கிறதால நட்டப்படுறது அனேகமாக நாங்கள்.

மூண்டு திகதி

'புது புரொசெசர் வருது' எண்டு கேட்டவுடன மூண்டு திகதிகளைப் பிரிச்சுப் பாருங்கோ. ஒன்று, அறிவிக்கிற திகதி. ரெண்டு, முதல் லப்டொப் கடைக்கு வாற திகதி. மூண்டு, உங்கட காசுக்கு ஏற்ற மொடல் வாற திகதி. செய்தியில பெரிசாகப் போடுறது முதலாவது. உங்களுக்குத் தேவை மூண்டாவது.

குவால்கொம், ஸ்னப்டிராகன் எக்ஸ் எலீட்டை அறிவிச்சது 2023 ஒக்ரோபரில. அது பூட்டின லப்டொப்புகள் விற்பனைக்கு வந்தது 2024 ஜூன் 18. எட்டு மாசம். இன்டெல்லின்ர 10 நனோமீற்றர் சிப்புகள் இன்னும் மோசம். 2016 அளவில வரும் எண்டிருந்தவை, பரவலாக லப்டொப்புகளில வர 2019 ஆயிட்டுது.

முதல் தொகுதியில வேற சிக்கலும் இருக்கலாம். ஸ்னப்டிராகன், ஆம் கட்டமைப்பில ஓடுறது. பழைய விண்டோஸ் செயலிகள் பலதை அது மொழிமாற்றி ஓட்டும். ஆனால் பிரின்டர், ஓடியோ இன்டர்பேஸ் மாதிரிச் சாமான்களின்ர டிரைவர்களை அப்பிடி ஓட்டேலாது. அவை ஆமுக்கெண்டே எழுதப்பட வேணும்.

பொறுத்தவை வெண்ட கதை

பொறுக்கிறது எப்பவும் பிழை எண்டு நான் சொல்லேல்லை. 2020 ஜூனில, இன்டெல்லை விட்டுச் சொந்தச் சிப்புக்கு மாறப்போறம், முதல் மக் இந்த வருசம் முடியமுதலே வரும் எண்டு அப்பிள் சொன்னது. நவம்பரில எம்1 வந்திட்டுது. அதே 999 அமெரிக்க டொலருக்கு மக்புக் எயாரில விசிறியே இல்லை. இணையத்தில உலாவினால் பற்றறி 11 மணித்தியாலம் எண்டிருந்தது, அப்பிளின்ர கணக்கில 15 ஆயிட்டுது. அந்த ஐந்து மாசம் பொறுத்தவை கெட்டிக்காரர்.

அங்க ரெண்டு விசயம் ஒன்றாக நடந்தது. மாற்றம் அடிப்படையிலயே பெரிசு. திகதியும் கிட்ட. எம்2 (2022), எம்3 (2023), எம்4 (2024) எல்லாம் முன்னதைவிட நல்லதுதான், ஆனால் அது மாதிரிப் பாய்ச்சல் இல்லை. ரெண்டும் சேர்ந்து வராட்டில் பொறுக்காதேங்கோ.

புதுப் பேர், பழைய சிப்

பொறுத்தவைக்கு இன்னொரு ஏமாற்றமும் இருக்கு. ஏஎம்டியின்ர ரைசன் 5 7520யூவையும் 7540யூவையும் பாருங்கோ. பேரில ஒரேயொரு இலக்கம்தான் வித்தியாசம். அந்த மூண்டாவது இலக்கம்தான் உள்ளுக்கு என்ன கட்டமைப்பு எண்டு சொல்லுறது. 7520யூவில இருக்கிறது ஸென் 2, 2019இல் வந்தது. 7540யூவில ஸென் 4. '7000 வரிசை, புதுசு' எண்டு கடையில சொன்னால், மூண்டாவது இலக்கத்தை வாசிச்சுப்போட்டுக் காசைக் குடுங்கோ.

என்ர கணக்கில விட்டுப்போனது

1,200 டொலர் லப்டொப்பை நாலு வருசம் பாவிச்சால் மாசம் 25 டொலர். ஆறு மாசம் பொறுத்து 150 டொலர் மிச்சம் பிடிச்சால், அதுவும் மாசம் 25 தான். இதுக்காக ஆறு மாசம் உறைஞ்சு நிக்கிற பழைய மெசினோட மாரடிக்கலாமோ எண்டு யோசியுங்கோ.

நான் மாரடிச்சனான். சில வருசத்துக்கு முதல் அம்மம்மாவைப் பேச வைச்சு, ஊர்க்கதை முழுக்க போனில பதிஞ்சு வைச்சிருந்தன். என்ர பழைய லப்டொப் ஓடியோ வெட்டத் தொடங்கினாலே நிண்டுபோகும். "புதுச் சிப் வரட்டும் அம்மம்மா, வடிவாச் செய்து தாறன்" எண்டன். அறிவிப்பு வந்தது. பிறகு தள்ளிப்போச்சுது. பிறகு விலை குறையட்டும் எண்டு நானே தள்ளிப்போட்டன். ஒன்றரை வருசம்.

கடைசியில வெட்டி ஒட்டிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டேக்க அவவுக்குக் காது நல்லாக் குறைஞ்சிட்டுது. ஹெட்போனைக் கழட்டிப்போட்டு, "ஆரோ கதைக்கினம், விளங்கேல்லை மோனை" எண்டா. கதைச்சது அவதான். நான் வாங்கின புரொசெசர் நல்ல வேகம். அந்த வேலைக்கு அவ்வளவு வேகம் தேவைப்படவே இல்லை. முந்தின தலைமுறையே தாராளமாகப் போதும்.

தம்பிக்குப் பதில்

மூண்டு கேள்வி கேளுங்கோ. இப்ப இருக்கிற மெசின் என்ர வேலையை மறிக்குதோ? புது லப்டொப்பின்ர விற்பனைத் திகதி மூண்டு மாசத்துக்குள்ள உறுதியோ? அதில வாற மாற்றம் நான் செய்யிற வேலையைத் தொடுதோ? முதலாவதுக்கு 'ஓம்' எண்டால் வாங்குங்கோ. மற்ற ரெண்டையும் கேட்கவே தேவையில்லை. 'இல்லை' எண்டால், மற்ற ரெண்டுக்கும் 'ஓம்' வந்தால் மட்டும் பொறுங்கோ.

தம்பி, உங்கட பழைய லப்டொப் வகுப்பு நோட்ஸ் திறக்கவே திணறுது எண்டு எழுதியிருந்தீங்கள். அப்ப வாங்குங்கோ. புதுசு வந்தவுடன விலை குறையிற முந்தின தலைமுறையைப் பாருங்கோ. மிஞ்சுற காசை ராமில போடுங்கோ, 16 ஜீபீக்குக் குறைய வேண்டாம். இப்ப கனக்க லப்டொப்புகளில ராமைப் பலகையோடயே ஒட்டிவிடுகினம், பிறகு கூட்டேலாது. வாங்கின கையோட, தள்ளிப்போட்ட வேலையில ஒன்றை அண்டைக்கே தொடங்குங்கோ.

அடுத்த எபிசோட்டில சந்திப்பம்.