'வாகை சூட வா': ஒரு திரைப்படமும் ஒரு கரிக்கோடும்

முன்னுரை

ஆசிரியரைக் கதைத் தலைவனாகக் கொண்ட திரைப்படங்கள் தமிழில் பல உண்டு. அவற்றுள் சற்குணம் இயக்கி 2011-ஆம் ஆண்டு வெளிவந்த 'வாகை சூட வா' என் உள்ளத்தை விட்டு அகலாத ஒன்று. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் அது பெற்றது. மரபை எதிர்த்து நின்ற ஆசிரியரின் கதை என்று இதனைப் போற்றுவர். அவர் எதிர்த்த மரபுதான் எது? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைச் சுருக்கம்

கதை நிகழும் ஆண்டு 1966. அரசு வேலைக்குக் காத்திருக்கும் வேலுத்தம்பி (விமல்), தந்தையின் (பாக்யராஜ்) விருப்பத்துக்கு இணங்கிக் கண்டெடுத்தான்காடு என்னும் சிற்றூருக்குப் பாடம் சொல்லச் செல்கிறான். அவ்வூரார் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். பிள்ளைகளும் சூளையிலேயே உழல்கிறார்கள். வந்த வாத்தியாரை அவர்கள் எள்ளி நகையாடுகிறார்கள். படிப்படியாக அவ்வூரின் அறியாமையும் சுரண்டலும் அவன் கண்ணைத் திறக்கின்றன. அரசு வேலைக்கான ஆணை வந்த பின்னும் அப்பிள்ளைகளையே அவன் தேர்ந்துகொள்கிறான்.

எதிர்த்த மரபு

இங்கே ஆசிரியர் எதிர்ப்பது மூடநம்பிக்கையை அன்று. அப்பன் செய்த வேலையை மகன் செய்வான் என்னும் எழுதாச் சட்டத்தையே அவர் எதிர்க்கிறார். 1953-ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் புகுத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று வகுத்தது. 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்ட அத்திட்டத்தை 1954-இல் காமராசர் அரசு கைவிட்டது. ஆயினும் ஏட்டில் நீங்கிய மரபு சூளையில் நீங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிந்திய கதையில், அரை நாள் பள்ளிகூட அப்பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை.

என் வீட்டுச் சான்று

இதனை நான் நூலில் மட்டும் படித்தறியவில்லை. என் தாத்தா இராயபுரத்திலிருந்து நடந்து சென்று துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், கைநாட்டு. வேலைக்குப் போன நாளெல்லாம் வீட்டுச் சுவரில் ஒரு கரிக்கோடு இழுத்து வைப்பாராம். ஆனால் கூலி கொடுப்பது மேஸ்திரியின் நோட்டுப்படிதான். என் அப்பா தெருவில் நடந்த இராப்பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். ஒரு சனிக்கிழமை தாத்தாவோடு சென்றவர் அந்த நோட்டை எட்டிப் பார்த்து, "நைனா, அஞ்சு நாள்னு எழுதியிருக்கு" என்றாராம். சுவரில் இருந்தவை ஆறு கோடுகள். அன்று ஆறாம் நாள் கூலி கிடைத்தது. "அடுத்த வாரம் பையனைக் கூட்டிவராதே" என்ற சொல்லும் உடன் கிடைத்தது. கல்வியைக் கண்டு யார் அஞ்சுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

செங்கல் என்னும் பாடம்

1963-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் ஆங்கிக்கோஸ் என்ற ஊரில், பாவ்லோ ஃபிரேயிரே என்னும் கல்வியாளரின் முறைப்படி 300 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவு புகட்டினர். கற்பவரின் அன்றாட வாழ்விலிருந்தே சொற்களை எடுத்துக் கற்பிப்பது அவர் முறை. அவர் எடுத்தாண்ட சொற்களுள் ஒன்று 'செங்கல்'! எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே அன்று அங்கு வாக்குரிமை. ஆகவே எழுத்தறிவு ஆள்வோருக்கு அச்சமூட்டியது. 1964-இல் இராணுவ ஆட்சி வந்ததும் அவர் சிறைப்பட்டார். கண்டெடுத்தான்காட்டின் கதையும் ஆங்கிக்கோஸின் வரலாறும் ஒரே காலத்தவை. ஒரே பொருளைப் பேசுபவை.

இன்றைய நிலை

கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும் எண்ணூருக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு வருவோர் உண்டு. அவர்தம் பிள்ளைகளுக்கு மொழியும் புதிது, ஊரும் புதிது. சட்டம் பள்ளியின் கதவைத் திறந்து வைக்கும். பிள்ளையின் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டும்.

முடிவுரை

படத்தில் ஒரு குறையும் காண்கிறேன். ஆசிரியரின் தியாகத்தையே அது பெரிதாகக் காட்டுகிறது. என் அப்பாவுக்கு எழுத்தறிவித்த இராப்பள்ளி ஆசிரியரின் பெயர்கூட எங்கள் வீட்டில் எவருக்கும் நினைவில்லை. அவர் கற்பித்த எழுத்து மட்டும் நிலைத்தது. அதன் பயனாகவே நான் இக்கல்லூரியில் அமர்ந்து இதனை எழுதுகிறேன். ஆசிரியரின் வெற்றி, பிள்ளை தானே கணக்குப் பார்க்கும் நாளில்தான் இருக்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மாலையில் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளோடு அமர்வோம். எழுத்தோடு கணக்கையும் சொல்லிக்கொடுப்போம். நமக்குக் கற்பித்தவர்க்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு அதுவே.