ஒரு கருவி, பல வேலை: லாரியில் போகும் ரேடார்



நம் தங்கவயல் சயனைடு மேடு எல்லோருக்கும் தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் நம் பக்கம் கல் எறிகிறான். கல் வருகிறது. ஆளைக் காணோம். அவன் எங்கே நிற்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கல் வரும் வழியைக் கவனிக்க வேண்டும். எறிந்த கல் மேலே எழும்பும். பிறகு வளைந்து கீழே இறங்கும். அந்த வளைவில் ஒரு பகுதியைப் பார்த்தாலே போதும். வளைவைப் பின்பக்கம் நீட்டினால் எறிந்த இடம் தெரியும். முன்பக்கம் நீட்டினால் விழப்போகும் இடம் தெரியும்.

இதே வேலையைப் போர்முனையில் செய்யும் கருவி ஒன்று நம் நாட்டில் உருவானது. அதன் பெயர் சுவாதி. அது ஒரு ரேடார்.

ரேடார் என்றால் என்ன?

சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். வேலையைத் தொடங்கும் முன் தலைக்கு மேலே உள்ள பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் பாறை கெட்டி. ஓட்டைப் பானை போலச் சத்தம் வந்தால் பாறை விட்டிருக்கிறது. உடனே விலகிவிடுவார்கள். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. தட்டி, திரும்பி வரும் ஒலியைக் கேட்டு அறிந்தார்கள்.

ரேடாரும் அப்படித்தான். அது ரேடியோ அலையை வானில் அனுப்புகிறது. அலை ஒரு பொருளின் மேல் பட்டால், அதில் சிறு பங்கு எதிரொலி போலத் திரும்பி வரும். திரும்பி வந்த திசையைக் கொண்டு பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறியலாம். போய் வந்த நேரத்தைக் கொண்டு தூரத்தை அறியலாம். இருட்டும் பனிமூட்டமும் இதற்குப் பெரிய தடை அல்ல.

ஒரு கணக்குப் போடுவோமா? ரேடியோ அலை ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். பொருள் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அலை போக 30, திரும்பி வர 30. மொத்தம் 60 கிலோமீட்டர். 3 லட்சத்தை 60-ஆல் வகுத்தால் 5,000. அதாவது ஒரு விநாடியை 5,000 பங்காக்கினால், அதில் ஒரு பங்கு நேரத்தில் அலை போய்த் திரும்பிவிடும்!

கார்கில் கற்பித்த பாடம்

1999-ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஜூலை வரை கார்கில் மலைகளில் சண்டை நடந்தது. நம் வீரர்கள் 527 பேர் உயிர் இழந்தார்கள். எதிரியின் பீரங்கிகள் மலைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. குண்டுகள் வந்து விழுந்தன. அவற்றைச் சுட்ட பீரங்கி எங்கே இருக்கிறது என்று உடனே காட்டும் நல்ல ரேடார் அப்போது நம் படையிடம் இல்லை. எதிரியிடம் இருந்தது.

பணம் இருந்தாலும் இத்தகைய கருவியை நினைத்தபோது வாங்க முடியாது. விற்கும் நாடு மனம் வைக்க வேண்டும். 1998-இல் நம் நாடு அணுகுண்டுச் சோதனை செய்தது. அதனால் அமெரிக்கா ஆயுதக் கருவிகளை நமக்கு விற்கத் தடை போட்டிருந்தது. 2002-இல்தான் அங்கிருந்து சில ரேடார்களை வாங்க ஒப்பந்தம் ஆனது. நாமே செய்யவும் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

எதிர்பாராமல் கிடைத்த பலன்

பெங்களூரில் ரேடார்களை ஆராய்ந்து உருவாக்கும் அரசு ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. அதை எல்.ஆர்.டி.இ. என்பார்கள். ஆகாஷ் என்ற ஏவுகணைக்காக அங்கே ராஜேந்திரா என்ற ரேடாரை உருவாக்கினார்கள். வானத்தைக் காவல் காக்க வேண்டும். வரும் விமானத்தை விடாமல் தொடர வேண்டும். நாம் அனுப்பும் ஏவுகணைக்கு வழி காட்டவும் வேண்டும். இந்த மூன்று வேலைகளும் ராஜேந்திராவுக்கு உண்டு.

ஒரே ரேடார் இத்தனை வேலைகளை எப்படிச் செய்கிறது? பழைய ரேடார் பார்க்கும் திசையை மாற்ற, அதன் பெரிய தட்டையே திருப்ப வேண்டும். ராஜேந்திராவின் தட்டில் ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகள் வரிசையாக உள்ளன. அவற்றிலிருந்து புறப்படும் அலைகளைச் சற்று முன்பின்னாக அனுப்பினால், தட்டு அசையாமலே அலையின் திசை மாறிவிடும். இது கண் இமைப்பதற்குள் நடக்கும்.

வீட்டில் ஒரு தாயைப் பாருங்கள். அடுப்பில் உலை கொதிக்கிறது. திண்ணையில் குழந்தை விளையாடுகிறது. தெருக்குழாயில் குடம் நிரம்புகிறது. அவர் மூன்றையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஒன்றும் கெடுவதில்லை. அந்த ரேடாரும் நேரத்தைப் பங்கு போட்டுப் பல வேலைகளைக் கவனிக்கிறது.

ஆகாஷ் ஏவுகணைச் சோதனைகள் ஒடிசாவில் உள்ள சண்டிப்பூரில் நடந்தன. அருகில் பீரங்கிக் குண்டுகளையும் சுட்டுச் சோதித்தார்கள். விமானத்தைப் பார்க்கச் செய்த ராஜேந்திரா, பறந்து போன அந்தக் குண்டுகளையும் பார்த்துவிட்டது! இதைக் கண்ட அறிஞர்கள், இதிலிருந்தே பீரங்கியைக் கண்டுபிடிக்கும் ரேடாரைச் செய்யலாம் என்று துணிந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் சுவாதி.

சுவாதி செய்யும் வேலைகள்

சுவாதி வானத்தின் அடிவிளிம்பில் அலைகளால் ஒரு வேலி போடுகிறது. குண்டு அந்த வேலியைத் தாண்டினால் உடனே தெரிந்துவிடும். குண்டின் பாதையைச் சிறிது தூரம் தொடரும். பிறகு கணிப்பொறி கணக்குப் போட்டுச் சுட்ட இடத்தைச் சொல்லும். விழப்போகும் இடத்தையும் சொல்லும். நம் படை சுடும் குண்டு சரியான இடத்தில் விழுகிறதா என்றும் பார்த்துச் சொல்லும்.

மோர்ட்டார் என்ற சிறு குழல் பீரங்கியை 20 கிலோமீட்டர் வரை கண்டுபிடிக்கும். பெரிய பீரங்கியை 30 கிலோமீட்டர் வரையும், ராக்கெட்டை 40 கிலோமீட்டர் வரையும் கண்டுபிடிக்கும். ஒரே சமயத்தில் ஏழு குண்டுகளைத் தொடரும்.

இதைத் தொழிற்சாலையில் செய்து தருவது பாரத் எலெக்ட்ரானிக்ஸ். 1954-இல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனம் அது. சுவாதித் திட்டத்துக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. 2017 மார்ச் மாதம் ரேடார் முறைப்படி படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இடையில் 15 ஆண்டுகள்! மீண்டும் மீண்டும் சோதித்துத் திருத்த வேண்டியிருந்தது. 2020-இல் ஆர்மீனியா நாடு நம்மிடமிருந்து சுவாதியை வாங்க முன்வந்தது. 2023-இல் நம் படைக்கு மேலும் 12 ரேடார்கள் வாங்க ஒப்பந்தம் ஆனது.

ஏன் லாரியில் ஏற்றினார்கள்?

இருட்டில் ஒருவர் குரல் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் நிற்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரேடார் அனுப்பும் அலையும் குரல் மாதிரிதான். எதிரியின் கருவிகள் அதைக் கேட்டு, ரேடார் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம். அங்கேயே நின்றால் குண்டு விழும். ரேடாரும் போகும், அதை இயக்கும் வீரர்களின் உயிரும் போகும். ஆகவே வேலை முடிந்ததும் இடம் மாற வேண்டும்.

அதனால் சுவாதியை எட்டுச் சக்கர டாட்ரா லாரியில் ஏற்றினார்கள். மேடு பள்ளத்திலும் ஓடக்கூடிய கனமான லாரி அது. நம் படைக்கு டாட்ரா லாரிகளைத் தயாரித்துத் தந்தது பெமல் நிறுவனம். அதே பெமலின் பெரிய தொழிற்சாலை நம் தங்கவயலிலும் இருக்கிறது. புல்டோசர் போன்ற இயந்திரங்கள் இங்கே உருவாகின்றன.

நமக்கும் இதற்கும் என்ன உறவு?

நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன் எல்லாம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அவை ஓடிய காலத்தில் பூமிக்கு அடியில் பாறை வெடிப்பு நடக்கும். எங்கே வெடித்தது என்று அறிய, பல இடங்களில் அதிர்வைப் பதியும் கருவிகளை வைத்தார்கள். அதிர்வு எந்தக் கருவிக்கு முதலில் வந்தது, எதற்குப் பிறகு வந்தது என்று பார்த்து, வெடித்த இடத்தைக் கணக்கிட்டார்கள். வந்து சேர்ந்ததைக் கொண்டு புறப்பட்ட இடத்தை அறியும் இந்த வித்தை நம் ஊருக்குப் புதிது அல்ல.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ரேடார் செய்யும் தொழிலில் பொறியாளர் மட்டும் போதாது. ஃபிட்டர், வெல்டர், மின்பணியாளர், சோதித்துப் பார்ப்பவர் எல்லோரும் வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்த நினைக்கும் பிள்ளைக்கு ஐ.டி.ஐ. பற்றி எடுத்துச் சொல்லுங்கள். பெண் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

ரேடார் போருக்கு மட்டும் உரியதும் அல்ல. சென்னையில் 2002 முதல் வானிலை ரேடார் புயல் மேகங்களைக் கவனித்து வருகிறது. விமான நிலையங்களில் விமானங்கள் மோதாமல் இருக்கவும் ரேடார் உதவுகிறது. சுவாதியால் குண்டைத் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் குண்டு எங்கிருந்து வருகிறது என்று சொல்லும். அடுத்த குண்டு வருவதற்குள் நம் வீரர்கள் தங்களைக் காத்துக்கொள்ள அது உதவும்.

பதில் சொல்லுங்கள்

1. குண்டின் வளைவைப் பின்பக்கம் நீட்டினால் எது தெரியும்? முன்பக்கம் நீட்டினால் எது தெரியும்?
2. ஒரு பொருள் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அலை போய்த் திரும்ப மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?
3. ரேடாரை ஒரே இடத்தில் வைத்திருந்தால் என்ன ஆபத்து?
4. சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம், பாறையைத் தட்டிப் பார்த்த அனுபவத்தைக் கேளுங்கள். அதை ஐந்து வரிகளில் எழுதி, அடுத்த வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.