பார்க்கிறவர்கள் எல்லோரும் விற்கிறவர்கள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

இளம்பிள்ளையில் ஒரு வீட்டுத் திண்ணை. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் புடவை விற்கிற அக்கா ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். திரையின் மேல் ஓரத்தில் 20, 19, 18 என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே யாரோ விற்கிற, உடம்பு இளைக்க வைக்கும் மாத்திரையின் பக்கம். எண் பூஜ்யத்தைத் தொட்டதும் ஐந்து குட்டிப் படங்கள் வந்தன. அதில் ஜோடியாக இருப்பதைத் தொட்டால் அடுத்த பக்கம், மறுபடி 20. அக்காவின் கண் மாத்திரைப் பக்கம் போகவே இல்லை, இறங்குகிற எண்ணிலேயே இருந்தது.

“தினம் நூறு பாத்துர்றேன் தம்பி. நம்ம புடவைப் பக்கத்தையும் அம்பது பேரு பாக்கறாங்களாமா” என்றார்.

இதன் பெயர் டிராஃபிக் எக்ஸ்சேஞ்ச். நீ என் விளம்பரத்தைப் பார், நான் உன் விளம்பரத்தைப் பார்க்கிறேன் என்று வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல். நான் சேலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு இணையப் பக்கம் செய்து தருகிறவன். ‘இதிலேயே சேர்ந்துவிடலாமா?’ என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். ‘நாமே ஒன்று ஆரம்பித்தால் என்ன?’ என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பின்னால் இருக்கிற நம்பிக்கைகள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன்.

நம்பிக்கை: “ஐம்பது பேர் பார்த்தால் ஐந்து பேராவது வாங்குவார்கள்.”

இந்த யோசனை பிறந்த இடம் நல்ல இடம்தான். 1996இல் அமெரிக்காவில் டோனி ஷே என்ற இளைஞர் தன் நண்பரோடு சேர்ந்து லிங்க்எக்ஸ்சேஞ்ச் என்ற பேனர் பரிமாற்றத்தைத் தொடங்கினார். உங்கள் தளத்தில் மற்றவர் பேனரை இரண்டு முறை காட்டினால், உங்கள் பேனர் வேறு தளத்தில் ஒரு முறை காட்டப்படும். மிச்சமாகிற பாதி இடத்தைப் பெரிய விளம்பரதாரர்களுக்கு விற்றார்கள். 1998இல் மைக்ரோசாஃப்ட் அதை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. எக்ஸ்சேஞ்ச் ஆரம்பிக்க வருகிற தம்பிகள் இந்தக் கதையைத்தான் எனக்குச் சொல்லுவார்கள்.

அதில் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பேனர்களைப் பார்த்தவர்கள் வெளியாட்கள். யாரோ மீன் வளர்ப்பதைப் பற்றி எழுதிய தளத்துக்கு மீன் வளர்க்கிறவர் தானாக வந்தார், வந்த இடத்தில் பேனர் கண்ணில் பட்டது. டிராஃபிக் எக்ஸ்சேஞ்சில் பார்க்கிறவரும் உறுப்பினர்தான். அவர் வாங்க வரவில்லை, தன் பக்கத்துக்குப் பார்வை வாங்கித் தரும் கிரெடிட் புள்ளி சேர்க்க வந்தவர்.

நாமக்கல் பக்கத்தில் புதன்சந்தை என்று ஓர் ஊர். பெயர் அப்படியிருந்தாலும் மாட்டுச்சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. கேரளாவிலிருந்து வியாபாரிகள் வந்தால்தான் அங்கே விலை நிற்கும். அவர்கள் வராத வாரம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த அத்தனை பேரும் மாற்றி மாற்றி அடுத்தவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், ‘இன்று என் மாட்டை ஐம்பது பேர் பார்த்தார்கள்’ என்று கணக்கு எழுதிக்கொள்ளலாம். மாடு மட்டும் கொட்டகைக்கே திரும்பி வரும்.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 20 விநாடி வீதம் நூறு பக்கம் என்றால் 2,000 விநாடி, அதாவது 33 நிமிடத்துக்கு மேல். இரண்டுக்கு ஒன்று என்கிற விகிதத்தில் அதற்குக் கிடைப்பது ஐம்பது பார்வை. அந்த ஐம்பதில் ஒவ்வொன்றும் அக்காவைப் போலவே எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய பார்வை. வாடிக்கையாளர் ஒருவரோடு சேர்ந்து நானும் மூன்று மாதம் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பக்கம் திறந்த எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. ஒருவர்கூட விலை கேட்கவில்லை. அந்த மூன்று மாத அரைமணி நேரங்களை அந்த மனிதர் பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் பண்ணப் பயன்படுத்தியிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

பயனே இல்லையா என்றால், உண்டு. அங்கே கூடியிருப்பவர்கள் இணையத்தில் விற்க முயல்கிறவர்கள். அவர்களுக்குத் தேவையான பொருள் உங்களிடம் இருந்தால், அதாவது லோகோ வரைந்து தருவது, ஹோஸ்டிங், பக்க வடிவமைப்பு போன்றவை இருந்தால், அங்கே ஆள் கிடைக்கலாம். புடவைக்கும் ஜவ்வரிசிக்கும் கொலுசுக்கும் அது இடமில்லை.

நம்பிக்கை: “விளம்பரம் கொடுக்கிற கம்பெனிகளின் காசைத்தான் நமக்குப் பிரித்துத் தருகிறார்கள்.”

கிரெடிட்டுக்குக் கிரெடிட் மாற்றிக்கொள்வதோடு நின்றால் போவது நேரம் மட்டும்தான். ‘பார்த்தால் பணம்’ என்ற சொல் உள்ளே வரும்போது விஷயம் வேறாகிறது. இந்தப் பத்தியை நான் எழுதுவதற்கே இதுதான் காரணம்.

2017 பிப்ரவரியில் நொய்டாவில் சோஷியல் டிரேடு என்ற திட்டத்தை உத்தரப்பிரதேசக் காவல்துறையின் சிறப்புப் படை பிடித்தது. 5,750 ரூபாயிலிருந்து 57,500 ரூபாய் வரை கட்டிச் சேர வேண்டும். ஒரு கிளிக்குக் கூலி 5 ரூபாய். சுமார் ஆறரை லட்சம் பேரிடமிருந்து சுமார் 3,700 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. அத்தனை பேரும் கிளிக் செய்தது எதை? பெரும்பாலும் தங்களைப் போலவே பணம் கட்டிச் சேர்ந்த மற்ற உறுப்பினர்களின் இணைப்புகளை. வெளியிலிருந்து வந்து பணம் தந்த கம்பெனி எங்கே என்று தேடினால் கிடைக்காது. இன்று சேர்ந்தவர் கட்டியது நேற்றுச் சேர்ந்தவருக்குக் கூலியாகப் போனது.

அதற்கு முந்தைய வருடம், 2016 ஜூலையில், அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் டிராஃபிக் மான்சூன் மீது வழக்குப் போட்டது. அது பெயரளவில் சாட்சாத் டிராஃபிக் எக்ஸ்சேஞ்சேதான். 50 டாலருக்கு ஒரு விளம்பரப் பொதி வாங்கினால் பார்வைகளும் உண்டு, கடைசியில் 55 டாலராகத் திரும்பியும் வரும், தினமும் சில விளம்பரங்களைக் கிளிக் செய்தால் போதும் என்றார்கள். 1,62,000 பேர் சேர்ந்தார்கள், திரண்டது 20.7 கோடி டாலர். பத்தில் ஒன்பது பேர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்கள். வருமானத்தில் பெரும்பகுதி பொதி விற்ற காசுதான் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அதற்கும் பத்து வருடம் முன்னால், 2006இல், 12டெய்லிப்ரோ என்று ஒன்று. 6 டாலர் கட்டினால் 12 நாளில் 44 சதவீதம் லாபம் என்று சொல்லி, தினமும் சில பக்கங்களைப் பார்க்கச் சொன்னது. ஊரும் மொழியும் மாறினாலும், எண் இறங்கிக்கொண்டிருக்கும் திரை மாறவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 2024 ஜனவரி கடைசியில் கோவை நீலம்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். செயலியில் விளம்பரம் பார்த்தால் தினமும் வருமானம் என்ற மைவி3ஆட்ஸ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டதைக் கண்டித்துக் கூடியவர்கள் அவர்கள். அதன் தலைவர் அடுத்த மாதம் கைதானார். நாங்கள் பொருள் விற்கும் நிறுவனம் என்பது அவர்கள் தரப்பு வாதம். தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். அந்தக் கூட்டத்தின் படங்களில் இருந்த பெண்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வெயிலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பேராசைக்காரர்கள் என்று அவர்களை ஏசுவது எளிது. வீட்டைவிட்டு வெளியே போகாமல், யாரிடமும் கை நீட்டாமல், போனில் நாலு காசு பார்க்கலாம் என்ற நியாயமான ஆசைதான் அவர்களை அங்கே கொண்டுவந்தது.

எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: உறுப்பினர் அல்லாத ஒருவர் இதற்குள் காசு போடுகிறாரா? போடுகிறார் என்றால் அவர் பெயர் என்ன, மாதம் எவ்வளவு, பில் எங்கே?

நம்பிக்கை: “நடத்துகிறவருக்கு உட்கார்ந்த இடத்தில் காசு.”

ஸ்கிரிப்ட் விலைக்குக் கிடைக்கும், ஹோஸ்டிங் மாத வாடகைக்குக் கிடைக்கும், ஒரு வாரத்தில் எக்ஸ்சேஞ்ச் தயார். அதுவரை சரி. அதற்குப் பிறகு வருவது ஓயாத காவல் வேலை. ஒரே ஆள் ஐந்து பெயரில் சேருவார். தானாகக் கிளிக் செய்யும் மென்பொருளைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவார். சட்டத்துக்குப் புறம்பான பக்கத்தையும், கடவுச்சொல் திருடும் பக்கத்தையும் யாரோ ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு ஏற்றுவார். இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் நடத்துகிறவர்தான்.

வருமானம் எங்கிருந்து என்றால், இரண்டு பார்த்தால் ஒன்று என்பதில் மிச்சமாகிற பாதியிலிருந்து. நம் பக்கத்தில் சீட்டு தெரியாத வீடு இருக்காது, அதனால் சீட்டை வைத்தே சொல்கிறேன். பதிவுசெய்த ஏலச்சீட்டில் நடத்துகிறவருக்குச் சட்டப்படி அதிகபட்சக் கமிஷன் 7 சதவீதம். 2019 திருத்தத்துக்கு முன்னால் அது 5தான். எக்ஸ்சேஞ்ச்காரர் எடுப்பது 50 சதவீதம். இவ்வளவு எடுத்தும் அவருக்குக் கட்டுவதில்லை, ஏனென்றால் அந்தப் பாதியை விற்க அவருக்கும் அதே உறுப்பினர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. இன்னொன்றும் உண்டு. செலவழிக்காமல் கிடக்கிற ஒவ்வொரு கிரெடிட்டும் அவர் தலைமேல் இருக்கிற கடன், நாளைக்கு யாரையாவது பார்க்க வைத்துத்தான் தீர்க்க வேண்டும். ஆள் குறையத் தொடங்கினால், ‘கொஞ்சம் காசும் தருகிறேன்’ என்று அறிவிக்கத் தோன்றும். நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்தவர்களும் அந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஆரம்பிக்க நினைக்கிற தம்பிகளிடம் இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கிரெடிட்டோடு நில்லுங்கள், காசு என்ற சொல்லை எடுக்காதீர்கள்.

நம்பிக்கை: “எக்ஸ்சேஞ்சில் கூட்டம் சேர்த்து, கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம்.”

முடியாது. காசு கொடுத்துக் கிளிக் வாங்குவதையும், தானாகப் பக்கம் திறக்கும் திட்டங்களையும், கிளிக் பரிமாற்றத்தையும் கூகுள் தன் விதிகளில் வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் தமிழுக்கு ஆட்சென்ஸ் திறந்தபோது நிறையப் பேர் தமிழில் எழுத வந்தார்கள். உழைத்து எழுதிய தளத்தை இந்தக் குறுக்கு வழிக்காக இழந்துவிடாதீர்கள்.

நம்பிக்கை: “பார்த்தால் பணம் தருகிற கம்பெனிக்குப் பதிவு இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இருக்கிறது.”

இருக்கட்டும். கம்பெனி பதிவு என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி, பிறந்ததை மட்டும் சொல்லும். ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கானது. பொதுமக்களிடம் பணம் வாங்கிப் பெருக்கித் தர இவை இரண்டும் அனுமதி ஆகாது. ஆள் சேர்த்தால் பணம் என்ற சுழற்சித் திட்டத்தை 1978இன் சட்டமே தடை செய்கிறது. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019இன் சட்டம் தடை செய்கிறது. 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டத்தை அனுமதிக்கவில்லை. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலனுக்கென 1997இலிருந்தே தனிச் சட்டம் உண்டு. இப்படிப்பட்ட திட்டங்களில் ஆள் சேர்த்துவிட்டவர்களும் விசாரணைக்கு உள்ளாகலாம் என்பதை ‘லீடர்’ பட்டம் வாங்கிய என் நண்பர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை: “எனக்குத்தான் காசு வந்ததே!”

வரும். வராவிட்டால் நீங்கள் அடுத்த ஆளைக் கூட்டி வரமாட்டீர்கள். பெருந்துறையிலிருந்து கிளம்பி நம் மாவட்டங்கள் வரைக்கும் பரவி, 2012இல் சரிந்த ஈமு கோழி முதலீட்டுத் திட்டத்தை மறந்திருக்க மாட்டோம். அப்போதும் முதல் மாதங்களில் பராமரிப்புப் பணம் சரியாக வந்தது. அதை நம்பித்தான் மச்சானும் பங்காளியும் கட்டினார்கள். உங்களுக்கு வந்த காசு, உங்களை நம்பிச் சேர்ந்தவர் கட்டிய காசாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கடைசியில் ஏமாறுகிறவர்கள் நம் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறவர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். இணைய மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது, உடனே அழையுங்கள். சேலத்திலேயே பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது. கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் எடுத்துப் போங்கள்.

இளம்பிள்ளை அக்காவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “அந்த அரைமணி நேரத்துல ஒரு வீடியோ போடுங்கக்கா, தறியிலிருந்து புடவை இறங்கறதைக் காட்டுங்க” என்று மட்டும் சொன்னேன். போன வாரம் போனபோது எண் இறங்கும் திரை இல்லை. தருமபுரியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல் செய்தி வந்திருந்தது. ‘பார்டர் கழுத்துல குத்துமாக்கா?’ என்று கேட்டிருந்தார். அக்கா மடித்து வைத்திருந்த புடவையைப் பிரித்து, ஜரிகை ஓரத்தைத் தன் கழுத்தில் இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார். பிறகு போனை வாய்க்கருகே கொண்டுபோய், “கொஞ்சம் குத்துது கண்ணு, ஒரு தண்ணி போட்டா சரியாப் போயிரும்” என்றார்.