எஞ்சின் பூட்டிய துவிச்சக்கரவண்டி: பற்சில்லுகளுக்கும் போதிகைகளுக்கும் உராய்வுநீக்கல்

க.பொ.த. (சாதாரண தரம்) – இயந்திரவியல் தொழினுட்பம்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்
• எஞ்சினின் எப்பாகத்துக்கு எவ்வுராய்வுநீக்கி என்பதைக் காரணத்துடன் கூறுவீர்கள்.
• பெற்றோல் – எண்ணெய்க் கலவையைக் கணிப்பீர்கள்.
• பற்சில்லுகளுக்குக் கிறீஸ் இடும் படிமுறையை எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

சாதாரண துவிச்சக்கரவண்டியில் சிறிய எஞ்சினைப் பூட்டி ஓட்டும் முறை பழையது. 1952 இல் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட கப் எஃப் இவ்வகையைச் சேர்ந்த ஈரடிப்பு எஞ்சினாகும். இன்று சட்டகத்தின் நடுவே பூட்டப்படும் சீனத் தயாரிப்பு எஞ்சின்களும் பெரும்பாலும் ஈரடிப்பு எஞ்சின்களே. இப்பாடம் அவற்றைப் பற்றியதாகும்.

"ஈரடிப்பு எஞ்சினில் பெற்றோலுடன் எண்ணெய் கலக்கப்படுவதால் எல்லாப் பாகங்களுக்கும் எண்ணெய் கிடைக்கும்" எனப் பல மாணவர்கள் விடை எழுதுகின்றனர். இது தவறு. இதே எண்ணத்துடன் வண்டியைப் பராமரித்தால் பற்சில்லுகள் உலர்ந்து தேய்ந்து போகும்.

2. உராய்வுநீக்கியின் தொழில்கள்

இரு உலோக மேற்பரப்புகள் எவ்வளவு ஒப்பமாகத் தோன்றினாலும் அவற்றில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று உரசும்போது வெப்பமும் தேய்வும் உண்டாகும். இடையில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பின் உலோகங்கள் நேரடியாகத் தொடுவது பெருமளவு தவிர்க்கப்படும். இதனால்,
(அ) உராய்வும் தேய்வும் குறையும்.
(ஆ) வெப்பம் அகற்றப்படும்.
(இ) துருப்பிடித்தல் தடுக்கப்படும்.
(ஈ) இரைச்சல் குறையும்.

3. போதிகைகளுக்கு எண்ணெய் சேரும் விதம்

கிராங் தண்டின் இரு பக்கங்களிலும் குண்டுப் போதிகைகள் உள்ளன. இணைக்கும் கோலின் முனைகளில் ஊசிப் போதிகைகள் பயன்படுகின்றன.

முசலம் மேலெழும்போது கிராங் அறையின் அமுக்கம் குறைகின்றது. பெற்றோல், எண்ணெய், வளி ஆகியவற்றின் கலவை உள்ளே இழுக்கப்படுகின்றது. பெற்றோல் விரைவில் ஆவியாகும். எண்ணெய் சிறுதுளிகளாகப் போதிகைகளிலும் உருளைச் சுவரிலும் படியும். முசலம் கீழிறங்கும்போது கலவை உருளையினுள் தள்ளப்பட்டு எரிகின்றது. அதனுடன் எண்ணெயின் ஒரு பகுதியும் எரிவதால் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணெய் தேவைப்படுகின்றது.

எண்ணெய் குறைந்தால் முசலம் வெப்பத்தால் விரிந்து உருளையில் இறுகிவிடும். ஓடும் வண்டியில் இவ்வாறு நேர்ந்தால் பின்சில்லு திடீரென நின்று ஓட்டுநர் விழக்கூடும். எண்ணெய் கூடினால் புகை அதிகரிக்கும்; தீப்பொறிச் செருகியில் கரி படியும்.

உதாரணம் 1: பெற்றோல், எண்ணெய் விகிதம் 20:1 ஆயின் 2 லீற்றர் பெற்றோலுக்குத் தேவையான எண்ணெய் எவ்வளவு?
2000 ÷ 20 = 100 மில்லிலீற்றர்.

புதிய எஞ்சினைப் பழக்கும் காலத்தில் 16:1 போன்ற எண்ணெய் கூடிய கலவை இடப்படுவதுண்டு. எனினும் உற்பத்தியாளரின் கைந்நூலில் உள்ள விகிதத்தையே பின்பற்ற வேண்டும்.

4. பற்சில்லுகளுக்கு ஏன் கிறீஸ்?

கிராங் தண்டின் முனையிலுள்ள சிறிய பற்சில்லு, கிளச்சுடன் இணைந்த பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. இவை தனி மூடியின் உள்ளே இருக்கின்றன. கிராங் அறைக்கும் இப்பகுதிக்கும் இடையில் எண்ணெய் அடைப்பான் உள்ளது. ஆகவே கலவையிலுள்ள எண்ணெய் இங்கு வராது. கைகளால் கிறீஸ் இட வேண்டும்.

கிறீஸ் என்பது எண்ணெயுடன் சவர்க்காரம் போன்ற தடிப்பாக்கும் பொருளைச் சேர்த்துச் செய்யப்படுவது. அது வழிந்தோடாது பற்களில் ஒட்டியிருக்கும்.

உதாரணம் 2: சிறிய சில்லில் 20 பற்களும் பெரிய சில்லில் 82 பற்களும் உள்ளன. எஞ்சின் நிமிடத்துக்கு 4100 தடவை சுழலும்போது பெரிய சில்லின் வேகம் யாது?
பற்சில்லு விகிதம் = 82 ÷ 20 = 4.1
பெரிய சில்லின் வேகம் = 4100 ÷ 4.1 = நிமிடத்துக்கு 1000 சுழற்சி.

பெரிய சில்லு ஒரு தடவை சுழல, சிறிய சில்லு 4.1 தடவை சுழல்கின்றது. எனவே சிறிய சில்லின் பற்கள் அதிக தடவை சுமையைத் தாங்குகின்றன. விரைவாகத் தேய்வனவும் அவையே.

கவனிக்க: இவ்வெஞ்சின்களின் கிளச் உலர்வகையைச் சேர்ந்தது. கிறீஸ் அதிகமானால் சுழற்சியால் சிதறி உராய்வுப் பட்டைகளில் படியும். அப்போது கிளச் வழுக்கும். எஞ்சின் இரைந்தாலும் வண்டி வேகம் எடுக்காது. உராய்வு தேவையற்ற இடத்தில் அதைக் குறைக்கின்றோம். தேவையான இடத்தில் அதைப் பாதுகாக்கின்றோம்.

5. கிறீஸ் இடும் படிமுறை

1. எஞ்சினை நிறுத்தி ஆறவிடுக. தீப்பொறிச் செருகியின் வயரைக் கழற்றுக.
2. மூடியின் வெளிப்புற மண்ணைத் துடைத்த பின்னர் திருகாணிகளைக் கழற்றுக.
3. பழைய கிறீஸைத் துணியால் துடைக்குக. அதில் உலோகத் துகள்கள் மினுங்கினால் பற்களின் தேய்வைப் பரிசோதிக்குக.
4. விரல் நுனியளவு கிறீஸை எடுத்துப் பற்களில் மட்டும் மெல்லிய படையாகப் பூசுக.
5. பின்சில்லைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பரவச் செய்க. அப்போது விரல்களையும் துணியையும் பற்களிலிருந்து விலக்கி வைக்குக.
6. உராய்வுப் பட்டைகளில் கிறீஸ் படவில்லை என உறுதிசெய்து மூடியைப் பூட்டுக.

6. மாதிரி வினாக்கள்

(1) நீண்ட இறக்கத்தில் கிளச்சை விடுவிக்காமல், எரிபொருள் வழங்கலை மூடியபடி ஈரடிப்பு எஞ்சினை ஓடவிடுவது ஏன் தீங்கானது?
விடை: சில்லு எஞ்சினை வேகமாகச் சுழற்றும். ஆனால் கலவை மிகக் குறைவாகவே உட்செல்வதால் எண்ணெயும் குறையும். போதிகைகளும் முசலமும் போதிய உராய்வுநீக்கலின்றி இயங்கும்.

(2) நாலடிப்பு மோட்டார் சைக்கிளில் பற்சில்லுகளுக்குப் பெரும்பாலும் தனியாகக் கிறீஸ் இடப்படுவதில்லை. ஏன்?
விடை: பெரும்பாலானவற்றில் கிராங் அறையிலுள்ள எஞ்சின் எண்ணெயே பற்சில்லுகளையும் நனைக்கின்றது. அந்த எண்ணெய் எரிக்கப்படுவதற்கானது அன்று. குறித்த தூரம் ஓடியபின் மாற்றப்படும்.

(3) கிறீஸ் இட்ட மறுநாள் வண்டி மேட்டில் ஏற மறுக்கின்றது. எஞ்சின் மட்டும் இரைகின்றது. காரணமும் பரிகாரமும் எழுதுக.
விடை: மிகையான கிறீஸ் உராய்வுப் பட்டைகளில் படிந்திருக்கலாம். மூடியைத் திறந்து, பட்டைகளைச் சுத்தம் செய்து உலர்த்தி, மிகைக் கிறீஸை அகற்ற வேண்டும்.

நினைவிற் கொள்க: விடை எழுதும்போது "எண்ணெய் இட வேண்டும்" என்று மட்டும் எழுதாது, எப்பாகத்துக்கு, எவ்வகை, எவ்வளவு, ஏன் என்னும் நான்கையும் எழுதுக.